பலகார டப்பாவும் கடைவாய்ப் பல்லும்

கோகுலாஷ்டமிக்கு மறுநாள் காலை. சமையலறை மேடையில் டப்பா திறந்தே இருந்தது. பால் பொங்கும்வரை சும்மா நிற்பானேன் என்று இரண்டு உப்புச்சீடையை எடுத்து வாயில் போட்டேன். முதல் சீடை உடைந்தது. இரண்டாவது உடையவில்லை, என் கீழ்க் கடைவாய்ப்பல் உடைந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அடைத்த பல். நாக்கால் தடவினால் ஒரு ஓரம் பிளேடு மாதிரி கிழித்தது. சீடை சுட்டது அத்தை. அவரிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

பல் டாக்டர் சீடையைத் திட்டவே இல்லை. "சீடை கடைசி அடிதான் சார். அடைப்புக்கு அடியில சொத்தை எப்பவோ இறங்கியிருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை எதையாவது எடுத்து வாயில போடுறீங்க, எண்ணிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். எவ்வளவு தின்கிறீர்கள் என்று கேட்பார் என எதிர்பார்த்திருந்தேன். அவர் கேட்டது எத்தனை தடவை என்று. பண்டிகைச் சாப்பாட்டுக்கும் பல்லுக்கும் உள்ள உறவில் முக்கால்வாசி அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

முதல்முறையாகத் தனிக்குடித்தனத்தில் தீபாவளி கொண்டாடப் போகிறவர்கள், வீட்டில் புதிதாகப் பல் முளைத்த குழந்தை இருப்பவர்கள், சமீபத்தில் பல்லுக்குக் கேப்போ கிளிப்போ போட்டுக்கொண்டவர்கள், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பலகாரத்தை விடச் சொல்ல மாட்டேன். நானே விடவில்லை.

முதலில் வாய்க்குள் நடக்கும் கணக்கு

நம் பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய பிசுபிசுப்புப் படலம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் தெரியுமே, அதுதான். அதில் குடியிருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. வாயின் பிஎச் அளவு (அமிலத்தைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) சாதாரணமாக 7-ஐ ஒட்டி இருக்கும். இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் அது சரசரவென்று இறங்குகிறது. சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேற ஆரம்பிக்கும். பிறகு எச்சில் வந்து அமிலத்தைத் தணித்து, பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீஃபன் 1940-களில் இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் அளந்து வரைபடமாகப் போட்டார். பல் மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் அதை 'ஸ்டீஃபன் வளைவு' என்றே படிக்கிறார்கள்.

வாய் நடுநிலைக்குத் திரும்பியபின் எச்சிலில் இருக்கும் கால்சியம் மெதுவாகப் பல்லில் மறுபடி படியும். அதாவது பல் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும். அதற்கு ஓய்வு நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். நான்கு லட்டை ஒரே மூச்சில் தின்றால் ஒரு இறக்கம். அதே நான்கு லட்டை ஒன்பது மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று தின்றால் நான்கு இறக்கம். சர்க்கரை அதே அளவு, பல் அமிலத்தில் ஊறும் நேரம் நாலு மடங்கு. (வயிற்றுக்கும் இடுப்புக்கும் வேறு கணக்கு இருக்கிறது. அது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.)

இதை மனிதர்களை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். ஸ்வீடனில் லுண்ட் நகரில் இருந்த விப்பெஹோம் மனநல மருத்துவமனையில் 1940-களின் பிற்பாதியில் தொடங்கிய ஆய்வு அது. சாப்பாட்டோடு சர்க்கரை பெற்றவர்களுக்குச் சொத்தை பெரிதாகக் கூடவில்லை. இடைவேளைகளில் ஒட்டும் டாஃபி கொடுக்கப்பட்டவர்களுக்குப் பல் சரிந்தது. சம்மதம் சொல்லத் தெரியாத நோயாளிகளின் பல்லைக் கெடுத்துக் கற்ற பாடம் என்பதால் அந்த ஆய்வைப் பாராட்டிச் சொல்ல மனம் வருவதில்லை. ஸ்வீடனில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் அந்தப் பாடத்திலிருந்து வந்ததுதான்.

சென்ற தீபாவளிக்கு ஒரு துண்டுத்தாளில் எண்ணிப் பார்த்தேன். விடிகாலை ஐந்துக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் லேகியம். ஐந்தரைக்குக் காபி. ஏழுக்கு இட்லியோடு அதிரசம். எட்டரைக்கு மாடி வீட்டுத் தட்டு வந்தது. அதில் எதையும் தொடாமல் இருந்தால் மரியாதையில்லை. பத்துக்கு வந்தவர்களோடு காபி, முறுக்கு. ஒரு மணிக்குச் சாப்பாடு, பாயசம். டிவி முன்னால் மிக்சர். நான்குக்குக் காபி. ஐந்தரைக்குச் சித்தப்பா வீடு. அங்கே ஒரு சுற்று. பட்டாசுக்கு நடுவே கைநிறைய காராசேவு. இரவு பலகாரம். படுக்கப் போகும்போது ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு துண்டு பால்கோவா. பன்னிரண்டு தடவை வந்தது. பல்லுக்கு அன்றைக்கு ஓய்வு கிடைத்தது தூங்கும்போதுதான். அந்தத் தூக்கத்தில் எச்சிலும் வற்றிவிடும், கடைசிப் பால்கோவா அப்படியே இருக்கும்.

படி 1: பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நடை போய் வாருங்கள்

தீபாவளிக்கு முந்தைய நாள் பல் வலித்தால் டாக்டர் கிடைப்பது கஷ்டம். மறுநாள் சுத்தமாகக் கிடைக்க மாட்டார். துணி எடுக்கப் போகும் வாரத்திலேயே பல்லையும் காட்டிவிடுவது உத்தமம். அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்.

குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்து இரண்டு பக்கமும் மெதுவாக அலசுங்கள். சட்டென்று கூசி உடனே அடங்கினால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். கூச்சம் வலியாக மாறி நிமிடக்கணக்கில் நீடித்தால் நரம்பு வரை போயிருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். நாக்கால் பழைய அடைப்புகளின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். எங்காவது நகம் மாட்டுவதுபோல் நாக்கு மாட்டினால் அங்கே விரிசலோ இடைவெளியோ இருக்கிறது. என் பல் இப்படித்தான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை. ஒரே இடுக்கில் தினமும் கீரை மாட்டுகிறதா? அதுவும் ஒரு தகவல்தான். கண்ணாடி முன் நின்று ஈறைப் பாருங்கள், துலக்கும்போது ரத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

ரூட் கெனால் செய்து கேப் போடாமல் விட்ட பல் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். செலவை நினைத்து "அப்புறம் பார்க்கலாம்" என்று விடும் பல் இதுதான். தட்டையையும் சீடையையும் கண்டால் முதலில் பிளப்பதும் இதுதான்.

படி 2: டப்பாவில் இருப்பதைப் பல்லின் கண்ணால் பாருங்கள்

நாம் பலகாரத்தை இனிப்பு, காரம் என்று இரண்டாகப் பிரிப்போம். பல்லுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு கெட்டி, எவ்வளவு புளிப்பு என்பதுதான் அதன் கவலை.

கரைந்து போகும் ரகம் ஒப்பீட்டளவில் சாது. நெய் ஒழுகும் மைசூர்பாகு, பால்கோவா, ரசகுல்லா, பாயசம் எல்லாம் சர்க்கரை மூட்டைகள்தான். ஆனாலும் வாயில் தங்குவதில்லை, தண்ணீர் கொப்பளித்தால் பெரும்பாலும் போய்விடும்.

இழுபடும் ரகம் அடுத்தது. திருநெல்வேலி அல்வா, கோவில்பட்டி கடலைமிட்டாய், பாகு முற்றிய பொரி உருண்டை, பேரீச்சம்பழ லட்டு, பழனி பஞ்சாமிர்தம். தீபாவளி லேகியமும் இங்கேதான் வரும். இஞ்சி, மிளகு, ஓமம், கண்டந்திப்பிலி எல்லாம் வயிற்றுக்கு என்னவோ செய்யட்டும், அவற்றைக் கட்டி வைத்திருப்பது வெல்லப்பாகும் நெய்யும் தேனும். மருந்து என்ற பெயரைப் பார்த்துக் கிருமி மிரளாது. லேகியம் விழுங்கியதும் ஒரு மிடறு வெந்நீர் குடித்துவிடுங்கள். என் பாட்டி இதைச் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார், காரம் குறைய என்று நினைத்தேன்.

கடலைமிட்டாயில் இரண்டு ஆபத்து. பாகு ஒட்டும், கூடவே கடினமாகவும் இருக்கும். கேப்பைக் கழற்றி எடுக்க அதைவிடத் தோதான பண்டம் இல்லை.

எல்லோரும் ஏமாறுவது மாவு ரகத்தில்தான். முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா, மிக்சர், சிப்ஸ். இனிப்பே இல்லையே, இதனால் பல்லுக்கு என்ன என்று கேட்பார்கள். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கைமுறுக்கைத் தின்றுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து நாக்கைக் கடைவாய்ப்பல்லின் குழிகளில் விடுங்கள். ஈரமான அரிசிமாவு, களிம்பு பூசியதுபோல் அப்பியிருக்கும். லட்டு தின்றால் அவ்வளவு நேரம் இருக்காது. எச்சிலில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி அந்த மாவை அங்கேயே மால்டோஸ் சர்க்கரையாக உடைக்கிறது. கிருமிக்கு வீட்டு வாசலில் சமையல்! ஆகவே காரப் பலகாரம் தின்றபிறகுதான் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். நாம் செய்வது நேர்மாறு. இனிப்புக்குப் பின் தண்ணீர் குடிப்போம், மிக்சருக்குப் பின் காபி குடிப்போம்.

கெட்டி ரகம் சொத்தையைவிட விரிசலைத் தரும். சீடை, முற்றிய பாகில் செய்த மைசூர்பாகு, டைமண்ட் கல்கண்டு, பொரியில் ஒளிந்திருக்கும் வறுபடாத கடலை. கல்கண்டை யாரும் கடிக்க வேண்டாம். சப்பினாலும் பிரச்சினைதான், ஒரு துண்டு கரையும்வரை பல் சர்க்கரைத் தண்ணீரில் குளிக்கும்.

புளிப்பு ரகத்தில் கிருமிக்கு வேலையே இல்லை, அமிலம் நேரடியாகவே வருகிறது. கோலா வகைப் பானங்களின் பிஎச் 2.5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறும் அந்த அளவில்தான். விருந்துக்குப் பிறகு செரிக்கட்டும் என்று குடிக்கும் சோடாவில் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் இரட்டைத் தாக்குதல். குடிப்பதானால் ஒரே தடவையாகக் குடித்து முடியுங்கள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சுவதுதான் பல்லை அரிக்கும்.

வெல்லம், கருப்பட்டி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெள்ளைச் சர்க்கரையை ஒதுக்கிவிட்டுக் கருப்பட்டி அதிரசம் செய்தோம், ஆகவே பல்லுக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் அதிகம். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் இருப்பது ரத்தத்துக்குப் பேச வேண்டிய விஷயம். வாயில் இருக்கும் கிருமிக்கு மூன்றும் ஒன்று. 'சர்க்கரை சேர்க்காதது' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த அத்திப்பழ, பேரீச்சை இனிப்புகளும் அப்படியே, அவை கூடுதலாக ஒட்டவும் செய்யும்.

படி 3: தடவையைக் குறையுங்கள்

இனிப்பைச் சாப்பாட்டோடு கட்டிப்போடுங்கள். காலைப் பலகாரத்தோடு அதிரசம், மதியச் சாப்பாட்டோடு பாயசமும் ஜாங்கிரியும், மாலைக் காபியோடு முறுக்கும் ஒரு இனிப்பும். மூன்று அல்லது நான்கு தடவை, முடிந்தது. நடுவில் தண்ணீர் மட்டும். சாப்பிடும் நேரத்தில் எச்சில் நன்றாகச் சுரக்கும், வரும் சர்க்கரையை அதுவே கழுவிக்கொண்டு போகும்.

நம் இலைச் சாப்பாடு இதற்கு ஒத்தாசையாகவே அமைந்திருக்கிறது. பல வீடுகளில் பாயசத்துக்குப் பின் மோர்ச்சாதம் வரும். இனிப்பில் முடியாமல் தயிரிலோ மோரிலோ முடிவதால் வாயில் பாகு தங்காது. பல்லை நினைத்து யாரும் இந்த வரிசையை வைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் வசதியாகப் போயிற்று. அதைக் கெடுப்பது கை கழுவியபின் வரும் ஸ்வீட் பீடா. குல்கந்து, செர்ரி, சர்க்கரைப்பாகில் ஊறிய தேங்காய்ப்பூ. கூடவே பாக்கு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை கலக்காத வெற்றிலை பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்திருக்கிறது. பாக்கு வாயின் உள்தோலை இறுக்கி, வாயைத் திறக்க முடியாத அளவுக்குக் கொண்டுபோகும். விருந்துக்கு ஒரு பீடா என்பது ஆளைக் கொல்லாது, அது பழக்கமாக மாறுவதுதான் பயம்.

வீட்டில் செய்ய வேண்டிய ஒரே மாற்றம், தட்டை வரவேற்பறை மேசையில் வைக்காமல் இருப்பது. வந்தவர்களுக்கு எடுத்துக்கொடுத்துவிட்டு மூடி உள்ளே வையுங்கள். கண்ணில் பட்டால் கை போகும். வெளியே ஏதாவது இருந்தே ஆகவேண்டும் என்றால் கொண்டைக்கடலைச் சுண்டல், வறுத்த நிலக்கடலை, வெள்ளரித்துண்டு வையுங்கள். மெல்லும்போது எச்சில் ஊறும், கிருமிக்குத் தீனி குறைவு. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் சுண்டலை நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள் என்று என் மனைவி கேலி செய்வாள்.

காபி, டீயையும் எண்ணிக்கையில் சேர்க்க மறக்காதீர்கள். ஐந்து வீட்டுக்குப் போனால் ஐந்து சர்க்கரைக் காபி.

மறுப்பது எப்படி?

இது பல் டாக்டர் சொல்லித்தர முடியாத படி. தலைதீபாவளி மாப்பிள்ளையிடம் போய் "தடவையைக் குறையுங்கள்" என்று சொன்னால் சிரிப்பார். மாமியார் முன்னால் தட்டை நகர்த்தினால் அது பல் விஷயமாக இருக்காது, குடும்ப விஷயமாகிவிடும்.

"வேண்டாம்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். "சாப்பாட்டோட சேத்து வையுங்க அத்தை, ரெண்டா சாப்பிடுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் சந்தோஷம், பல்லுக்கும் ஒரு தடவை மிச்சம். அக்கம்பக்கத்து வீட்டில் "கட்டிக் குடுங்கக்கா, வீட்ல எல்லாரும் சேந்து சாப்பிடுறோம்" என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. காபிக்கு, "மோர் இருந்தா குடுங்க" என்பது வெயில் காலத்தில் பலிக்கும். ஐப்பசி மழையில் பலிக்காது, அப்போது சர்க்கரை இல்லாத காபி கேட்டுவிட்டு, சுகரா என்ற விசாரணைக்குத் தயாராக இருங்கள்.

படி 4: தின்றபிறகு என்ன செய்வது

உடனே கொப்பளியுங்கள். முன்பெல்லாம் சாப்பிட்டு எழுந்தால் கொல்லைப்புறம் போய்க் கை கழுவி, இரண்டு வாய் தண்ணீர் கொப்பளித்துத் துப்பாமல் யாரும் உள்ளே வர மாட்டார்கள். தட்டோடு சோபாவுக்கு வந்தபிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. அரை நிமிடம், இரண்டு கன்னமும் உப்ப, தண்ணீரை இடுக்குகளில் இழுத்துத் துப்புங்கள். வெளியில் இருந்தால் சர்க்கரையில்லாத சூயிங்கம் ஒன்றை இருபது நிமிடம் மெல்லலாம். அதுவும் எச்சிலைக் கூட்டும்.

உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள். புளிப்போ குளிர்பானமோ உள்ளே போனபின் எனாமலின் மேற்பரப்பு சற்று இளகியிருக்கும். அந்த நேரத்தில் தேய்த்தால் தேய்மானம் கூடும். அரை மணியாவது போகட்டும்.

இரவுத் துலக்கல்தான் பண்டிகை நாளின் முக்கியச் சடங்கு. எவ்வளவு களைத்திருந்தாலும், கையில் மத்தாப்பு வாசனை போகாவிட்டாலும், இதை விடக்கூடாது. இரண்டு நிமிடம். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் ஃபுளோரைடு இருப்பதில்லை. துலக்கியபின் நுரையைத் துப்புங்கள், வாய் நிறைய தண்ணீர் விட்டு அலசாதீர்கள். பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடை நாமே கழுவி விடுவதுபோல் ஆகும். இது நமக்குப் பழக ஒரு வாரம் பிடிக்கும், அலசாமல் படுப்பது அசிங்கமாகத் தோன்றும். பழகுங்கள். அதன்பின் தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக்கூடாது.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று வாதிட ஒரு பெரியப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். குச்சியை நன்றாக மென்று நாராக்கித் தேய்த்தால் படலம் போகும், மறுக்கவில்லை. அதில் ஃபுளோரைடு இல்லை என்பது ஒன்று. அந்தக் காலத்தில் இடைவேளைக்கு இடைவேளை இனிப்புத் தட்டு சுற்றவில்லை என்பது இன்னொன்று. கரித்தூள், செங்கல்தூள், கல்லுப்பு இவற்றால் தேய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எனாமலைச் சுரண்டிவிடும், அது திரும்ப முளைக்காது.

இடுக்கில் மாட்டிய முறுக்குத் துணுக்கை எடுக்க ஊக்கு, ஈர்க்குச்சி, காலண்டர் ஓரம் என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஈறைக் குத்திப் புண்ணாக்கும். மருந்துக்கடையில் பல்லிடுக்கு நூல் கிடைக்கும். நூலை இரண்டு விரலில் சுற்றி, ரம்பம்போல் இழுத்து மெதுவாக இறக்கி, பல்லின் பக்கவாட்டை அணைத்து மேலே வழியுங்கள். முதல் நாள் எரிச்சலாக வரும். நாலாம் நாள், இவ்வளவு நாள் இதையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டா திரிந்தோம் என்று தோன்றும்.

குழந்தைகள்

முதல் பல் எட்டிப்பார்த்த நாளிலிருந்தே துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசிமணி அளவு பேஸ்ட், மூன்று முதல் ஆறு வயதுக்குப் பட்டாணி அளவு. ஆறு வயதை ஒட்டிக் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பெற்றோர் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுவார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். குழிகள் ஆழமாக இருக்கும், முறுக்கு மாவு போய் உட்காரும் முதல் இடம். அந்தக் குழிகளை மூட சீலன்ட் என்று ஒரு பூச்சு உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழும் சிக்கலால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. அந்தப் பக்கம் வளரும் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்பதை அங்குள்ள பல் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு என் வீட்டில் செய்வது இது: காலையில் அவர்களுக்கான பலகாரத்தைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவோம். எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், ஆனால் மூன்று தடவைதான் திறக்கலாம். முதல் வருடம் மகன் காலை எட்டு மணிக்குள் மூன்று தடவையும் திறந்துவிட்டான். அடுத்த வருடம் திட்டம் போட்டான்.

கிளிப், கேப், பல்செட், சர்க்கரை நோய்

கிளிப் போட்டவர்களுக்கு அல்வாவும் கடலைமிட்டாயும் சீடையும் இந்த வருடம் கிடையாது. கம்பி வளைந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். கேப் போட்டவர்கள் அந்தப் பக்கம் இழுபடும் பண்டத்தை மெல்ல வேண்டாம். பல்செட் வைத்திருக்கும் பெரியவர்களுக்குப் பொரியும் எள்ளும் அடியில் போய் ஈறை அறுக்கும், சாப்பிட்டதும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் அடங்காது. மாத்திரைகளால் வாய் உலர்ந்து எச்சிலும் குறைந்திருக்கும். ஒரு இனிப்பு அவர்களுக்குச் செய்யும் சேதம் மற்றவர்களைவிட அதிகம்.

பொங்கல் கரும்பு

கரும்பைப் பல்லால் உரிப்பது ஒரு வீரம். முன்பல்லில் ஏற்கெனவே சின்ன விரிசலோ ஒட்டுப் பல்லோ இருந்தால் அந்த வீரம் அன்றோடு முடியும். தோலைக் கத்தியால் சீவி, கணுவை வெட்டி எறிந்துவிட்டு, விரல் நீளத் துண்டாக நறுக்கிக் கொடுங்கள். கணுதான் பல்லை உடைப்பது. கரும்பு மென்றால் பல் சுத்தமாகும் என்பார்கள். சக்கை பல்லின் முன்பக்கத்தைத் தேய்க்கலாம், இடுக்கிலும் குழியிலும் இறங்குவது சாறு. அந்தச் சாற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை. ஒரு துண்டை உட்கார்ந்து தின்று முடித்து வாயைக் கொப்பளியுங்கள். கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றும் பிள்ளைகளைத்தான் கவனிக்க வேண்டும்.

ஏதாவது ஆகிவிட்டால்

கேப் கழன்று வந்தால் சின்ன டப்பாவில் பத்திரமாக வையுங்கள். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக்கொண்டு வந்த ஒருவரைப் பற்றி என் டாக்டர் சொல்லியிருக்கிறார், ஒட்டியது கேப்பை மட்டும் இல்லை. அந்தப் பக்கம் மெல்லாமல் இருந்து, டாக்டர் கிளினிக் திறந்ததும் போங்கள்.

இரவில் வலி எடுத்தால் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கொப்பளித்து, வழக்கமாக ஒத்துக்கொள்ளும் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுப் பல்லில் மட்டும் வையுங்கள், குழந்தைகளுக்கு வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அடக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஈறு வெந்து வெள்ளையாகிவிடும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், பண்டிகை என்று பார்க்காமல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள்.

வாசலில் ஓடி விழுந்து பிள்ளையின் நிரந்தரப் பல் வேரோடு வந்துவிட்டால், பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். மண் இருந்தால் சில நொடி பாலில் அலசி அதே குழியில் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணிக்குள் போனால் பிழைக்க நல்ல வாய்ப்பு. பால்பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக்கூடாது.

அடுத்த இரண்டு வாரம்

தீபாவளி அன்றைக்கு ஒரு நாள்தான். பல்லைக் கெடுப்பது அதற்குப் பிறகு மேடையில் உட்கார்ந்திருக்கும் டப்பா. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று அடியில் தூள் தெரியும்வரை இரண்டு வாரம் ஓடும். தீபாவளிக்கு மூன்றாம் நாள், இருப்பதை எண்ணி, ஒரு பங்கை வேலைக்கு வருகிறவர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் கொடுத்துவிட்டு, மீதியை மாலைக் காபி நேரத்துக்கு மட்டும் என்று மேல் தட்டில் ஏற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் பிள்ளைகளின் மேல் உதட்டைத் தூக்கி ஈறை ஒட்டிய பல்லைப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது சொத்தையின் முதல் கட்டம். ஓட்டை விழுவதற்கு முன் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், ஃபுளோரைடு பூச்சாலும் ஒழுங்கான துலக்கலாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும்.

அத்தை இந்த வருடமும் சீடை அனுப்பியிருக்கிறார். நான் அதை மத்தால் ஒரு தட்டு தட்டி, ரசஞ்சாதத்தில் ஐந்து நிமிடம் ஊறப்போட்டுச் சாப்பிடுகிறேன். போனில் இதைக் கேட்டவர், "எந்த ஊர்ப் பழக்கம்டா இது? நல்லாருக்கும் போலருக்கே" என்றார்.